ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கியூபாக்காரன்

"காலை ஆட்டாதையும் தம்பி, வாங்கு முழுக்க ஆடுது" என்றார் ரீச்சர்.

காலை நிறுத்தினேன், நாங்கள் இருந்த வாங்குப் பலகையின் ஆட்டமும் நின்றது. உடனே விரல்கள் தொடங்கிவிட்டன. முழங்காலின் மேல் ஒன்று, இரண்டு, சா-சா-சா. ஒன்று, இரண்டு, சா-சா-சா. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அந்த வருசத்தில் தாளம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸ் நாட்டின் ஃப்ரிபூர்க் நகரில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் காத்திருக்கும் அறை. வெளியே மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசமும் தரைக்குப் பூசிய மெழுகின் வாசமும். கையில் இலக்கத் துண்டு. எங்களுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.

ரீச்சர் என்று நான் சொல்வது எங்கள் மொழிபெயர்ப்பாளரை. ஊரில் அவர் ஒருநாளும் படிப்பித்தவர் அல்ல; கல்வித் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆனால் அந்தக் கண்ணாடியையும் நேர்வகிட்டையும் பார்த்தால் எவனுக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் தோன்றும். அதனால் எல்லோருக்கும் அவர் ரீச்சர். சைவப்பழம். திருநீறு பூசாமல் வாசற்படி தாண்ட மாட்டார்.

என் மடியில் பதிவுத் தபாலில் வந்த கடிதம் கிடந்தது. இன்ன நாள், இன்ன நேரம், நேரில் வரவும், அட்டையைக் கொண்டுவரவும். எதற்கு என்று ஒரு சொல் இல்லை.

என் மனைவி றீற்றா அப்போது நாலாவது வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜின் மேல்மாடி அறையில் இருந்தாள். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஒன்றாக இருக்கவில்லை, நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டேன். எனக்குப் 'பி' பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கிடைத்தால் அவளைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் நான் திரும்பிப் போக வேண்டும், அல்லது இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்டத்தில் இருந்தபடியே கிழடாக வேண்டும். 

அந்த நேரம் பார்த்து, நான் ஒரு கியூபாக்காரன் என்று நகரத்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது.

மயோனைஸ் வாளி

அப்போது எனக்கு அந்த நகரத்து உணவகமொன்றில் வேலை. பாத்திரம் கழுவும் மூலை என்னுடைய ராச்சியம். தலைக்கு மேலே தட்டில் ஒரு வானொலி. நீராவி பட்டுப் பட்டு அதன் முகம் எப்போதும் வியர்த்திருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சமையலறைக்கு மேசைவிரிப்புகள் கொண்டுவருபவர் லூக். பெல்ஜியத்துக்காரர், சலவைக் கொம்பனியொன்றின் வான் சாரதி. ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். நெட்டையான, ஒட்டிய கன்னமுள்ள மனிதர். அவர் உள்ளே வந்தால் கஞ்சி போட்ட துணியின் வாசமும் கூடவே வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலியான மயோனைஸ் வாளியைக் கவிழ்த்துவைத்து வானொலிப் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸல்ஸ் பெண்ணொருத்தி ஸ்பானியக் கித்தாரின் துணையோடு பாடிய பாட்டு. அந்த நாட்களில் மணித்தியாலத்துக்கு ஒருதரம் போடுவார்கள். திரும்பிப் பார்த்தால் லூக் துணிக்கட்டோடு கதவடியில் நிற்கிறார்.

எங்கள் பேச்செல்லாம் பிரெஞ்சில். அவருடையது வடிவான பிரெஞ்சு. என்னுடையது அடுப்படிப் பிரெஞ்சு. அதில் கத்தி, கரண்டி, கெதியாய், முடிஞ்சுது என்பதற்கு மேல் அதிகம் இல்லை. இங்கே எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"எங்கை பழகினாய்?" என்று கேட்டார்.

"கலியாண வீடுகளிலை."

"எந்த நாட்டுக் கலியாணம்?"

"சிலோன்."

துணிக்கட்டை இறக்கிவைத்தார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உனக்கு வேலை இருக்கோ?"

அப்படித்தான் தொடங்கியது. லூக்கிடம் ஐந்து பேர் கொண்ட ஒரு நடன வாத்தியக் குழு இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில் ஓய்வூதியக்காரர்கள் ஆடுவதற்காக வாசிப்பார்கள். சா-சா-சா, ரும்பா, சம்பா. குழுவுக்கு ஸ்பானியப் பெயர். 'சிவப்புப் பனை' என்று அர்த்தமாம். பனை சிவக்காது என்று ஒரு யாழ்ப்பாணத்தானைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கொங்கா மேளம் அடித்துக்கொண்டிருந்த ஸ்பெயின்காரர் ஜெனீவாப் பெண்ணொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். விட்டுப் போனது மேளத்தையும் மஞ்சள் சட்டையையும். கை முழுக்க அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த சட்டை. அவர் பருத்தவர் போலும். அந்தச் சட்டைக்குள் என்னைப்போல் இன்னொருவனும் நிற்கலாம்.

காசு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அகதி விண்ணப்பம் முடிவாகாதவனுடைய அட்டை என்னிடம் இருந்தது. அதன்படி அந்த மாநிலத்துக்குள், அந்தச் சமையலறையில் மட்டும்தான் எனக்கு வேலை. காசு வாங்காவிட்டால் அது வேலையே இல்லை என்பது நானாக இயற்றிய சட்டம். ஒரு துண்டு கேக்கும் கோப்பியும் மட்டும் வாங்கிக்கொள்வேன்.

சுவிஸ்காரர் சா-சா-சா ஆடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். ரயில் ஓடுவதுபோல ஆடுவார்கள். ஒரு நொடி முந்தாது, ஒரு நொடி பிந்தாது. உதடுகள் மட்டும் மெல்ல அசையும். எண்ணுகிறார்கள்.

கோட்டுப் போட்ட ஹவானா

ஒருநாள் வானுக்குள் வைத்து லூக் ஒரு பழைய இசைத்தட்டைக் காட்டினார். அட்டையில் தென்னை, நீலக் கடல், தலையில் பழக்கூடை சுமந்த ஒரு பெண். எழுத்தெல்லாம் ஸ்பானியம்.

"இதிலை பியானோ வாசிக்கிறது நான்தான். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு."

எனக்கு மரியாதை கூடிவிட்டது. "கியூபாவுக்கும் போனனீங்களோ?"

"இல்லையடாப்பா. பிரஸ்ஸல்சிலைதான் பதிஞ்சது. நவம்பர் மாதம், விடாத மழை, ஸ்ரூடியோவிலை ஹீட்டர் பழுது. எல்லாரும் கோட்டோடைதான் வாசிச்சனாங்கள்."

பாடியது சுரங்க வேலைக்கு வந்த இத்தாலியர் ஒருவரின் மகன். கித்தார் வாசித்தவர் கொங்கோவைச் சேர்ந்தவர். மற்றவர்கள் லூக்கைப் போன்ற உள்ளூர்ப் பொடியன்கள். தென்னை, கடல், பழக்கூடை எல்லாம் கொம்பனிக்காரரின் ஏற்பாடு. அந்தத் தட்டு எங்கெங்கோ போய், ஹவானாக்காரர் வாசித்தது என்று நம்பி சனம் ஆடித் தீர்த்ததாம். அந்தக் காலத்தில் பெல்ஜியத்தில் இப்படிப் பல குழுக்கள் இருந்தன என்றார். ஊர் பெல்ஜியம், பெயர் ஸ்பானியம்.

கொங்கோக்காரர் அங்கே எப்படி வந்தார் என்று கேட்டேன். அதற்குள் இன்னொரு பெரிய கதை இருந்தது. கொங்கோ பெல்ஜியத்தின் பிடியில் இருந்த நாட்களில், கியூபாவின் இசைத்தட்டுகள் கப்பலில் அங்கே போய் இறங்கியிருக்கின்றன. கேட்ட மாத்திரத்தில் அந்தச் சனம் அதைப் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? முன்னொரு காலத்தில் அந்தக் கரைகளிலிருந்து விலங்கு பூட்டி ஏற்றிக்கொண்டு போனவர்களோடு போன தாளமல்லவா அது. போன பிள்ளை வேறு உடுப்பில் திரும்பி வந்திருந்தது. கொங்கோவில் அந்த ரும்பா புதிதாக வளர்ந்தது. அவர்களில் சிலர் பிரஸ்ஸல்சுக்கு வந்தபோது அதுவும் கூட வந்தது. லூக்கும் கூட்டாளிகளும் அவர்களிடம்தான் கையைப் பழகினார்கள்.

"எங்களுக்கு வெய்யில் இல்லை. அதுதான் இரவல் வாங்கினனாங்கள்" என்றார் லூக்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அட்டையைத் திருப்பி அந்தக் கொங்கோக்காரரின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன்.

"தேடாதை" என்றார். "என்ரை பெயரும் இல்லை. பழக்கூடைக்காரியின்ரை முகம் மட்டும்தான் உண்மை. அவவும் பாரிஸ்காரி."

பறங்கி வைத்த பெயர்

இரவல் விசயத்தில் நான் மட்டும் என்ன யோக்கியன்?

நான் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவன். கரையோரக் கத்தோலிக்கர், எங்கள் கலியாணங்களில் பைலாப் பாட்டும் ஆட்டமும் இல்லாவிட்டால் சாப்பாட்டில் உப்பில்லாத மாதிரி. பைலாவை எங்களுக்கு யார் தந்தது? போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்தவர்கள். அவர்கள் ஏற்றிக்கொண்டு வந்த ஆபிரிக்கர்கள். பறங்கிக்கு ஏசுவோம், அவன் விட்டுப்போன பாட்டுக்கு ஆடுவோம்.

முதல் நாள் மண்டபத்தில் லூக் என் பெயரைக் கேட்டார்.

"செபஸ்தியான்."

"செபாஸ்தியான்!" அவர் கையைத் தட்டிக் கூவினார். "பெயரையும் கையோடை கொண்டந்திருக்கிறாய்!"

எனக்குப் புனைபெயர் தேவைப்படவில்லை. அந்த வேலையைப் பறங்கி நானூறு வருசத்துக்கு முன்னமே முடித்துவைத்திருந்தான்.

பைலாவுக்கு ஆறாக எண்ண வேண்டும், சா-சா-சாவுக்கு நாலாக. ஒரு ஞாயிறு, வேறெதையோ நினைத்துக்கொண்டு அடித்ததில் நாலு எப்படியோ ஆறாகிவிட்டது. மண்டபத்தில் ஏழெட்டுச் சோடிகளுக்குக் கால் தடக்கியது. லூக் திரும்பிப் பார்த்தார், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார், பியானோ வாசிப்பை என் தாளத்துக்குத் திருப்பிவிட்டார். முன்வரிசையில் ஒரு கிழவர் எண்ணுவதை விட்டுவிட்டு, மனைவியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வந்தபடி ஆடத் தொடங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கடைசி உருப்படி பைலாதான். அதையும் கியூபாவின் ஏதோவொரு மலைநாட்டு நடனம் என்று லூக் அறிவித்தார்.

றீற்றாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் தொலைபேசியில் பேசுவோம். "என்ன செய்தி?" என்பாள். "இன்னும் ஒண்டும் வரேல்லை" என்பேன். அவள் அங்கே பத்தடி அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். நான் சுருக்குச் சட்டை போட்டுக்கொண்டு மேளமடிக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மேடையில் நிற்கும் மூன்று மணித்தியாலமும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் வெட்கம். கவலையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கே பார்த்தாலும் செபாஸ்தியான்

பேர்ன் நகரத்தின் மேற்குப் பக்கம், பூம்ப்ளிஸில் ஒரு பெரிய மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. லூக்குக்குத் தலைகால் புரியவில்லை. என்னைக் கேட்காமலே சுவரொட்டி அடித்துவிட்டார். நடுவில் நான், சட்டை, மேளம், இளிப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'ஹவானாவிலிருந்து நேரடியாக, செபாஸ்தியான்'.

பஸ் தரிப்பிடத்தில் அதை முதல் தடவை கண்டபோது, ஏற வேண்டிய பஸ்ஸையும் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஏன் அப்படி என்று விளங்க வேண்டுமானால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அகதி விசாரணையில் என்னை இரண்டு தடவை இருத்திக் கேட்டார்கள். கடற்கரைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? கோயில் மணிக்கூண்டு வீட்டுக்கு எந்தப் பக்கம்? சந்தைக்கு எந்தத் தெருவால் போவாய்? நான் யாழ்ப்பாணத்தவன்தான் என்று நிறுவுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இப்போது என் சொந்தப் பெயரோடு, சொந்த முகத்தோடு, நான் ஹவானாக்காரன் என்று ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, பேர்ன் வேறு மாநிலம்.

"சும்மா ஒரு நோட்டீஸ்" என்றார் லூக். "பெல்ஜியத்திலை நாங்கள் ஒருநாளும் இதைப் பொய் எண்டு நினைக்கேல்லை."

"உங்களுக்கு 'சி' பெர்மிட், ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மழைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையையும் சமையலறைச் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு சுவரொட்டிகளைக் கிழிக்கப் புறப்பட்டேன். ஏழாவதையோ எட்டாவதையோ உரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"மிஸ்யே செபாஸ்தியான்!"

ஞாயிறு தவறாமல் ஆட வரும் ஒரு வயதான மாது. அபிமானிகளுக்குக் கொடுப்பதற்காக நான் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தனக்கும் ஒன்று வேண்டும், கையெழுத்தும் வேண்டும். பேனாவையும் அவரே நீட்டினார். பதற்றத்தில் கை தன்பாட்டில் தமிழில் எழுதிவிட்டது: செபஸ்தியான்.

அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "கியூபா எழுத்து எவ்வளவு வடிவு!" என்றார்.

மறுப்பதற்கு என் அடுப்படிப் பிரெஞ்சில் சொல் இருக்கவில்லை. இப்போது கையொப்பமிட்ட சாட்சியமும் ஊருக்குள் நடமாடியது. அடுத்த புதன்கிழமை பதிவுத் தபால் வந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

விலாசம் பழையதுதானோ

எங்கள் இலக்கம் வந்தது. உள்ளே போனோம்.

மேசைக்குப் பின்னால் இளம் அலுவலர் ஒருவர். நித்திரை குறைந்த முகம். மேசையில் குழந்தைப் படமொன்று இருந்தது. என்னுடைய கோப்பு ஒரு சாண் தடிப்பு. அவர் தாள்களைப் புரட்டப் புரட்ட, இடையில் எங்கேயாவது சுவரொட்டியின் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தேன்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். ரீச்சர் திரும்பி, "விலாசம் பழையதுதானோ எண்டு கேக்கிறார்" என்றார்.

ஓம் என்றால் முடிந்துவிடும் கேள்வி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது முடியாது. சோதனைச் சாவடிகளில் பழகிய மூளை. 'எங்கே போகிறாய்?' என்று சீருடைக்காரன் கேட்டால், 'யார் அனுப்பினது?' என்றுதான் எங்கள் காதில் விழும். அதிகாரி ஒன்றைக் கேட்டால் அதற்குள் இன்னொன்றைத்தான் கேட்கிறார் என்பது எங்களுக்குச் சத்தியம். பழைய விலாசமோ என்கிறார். அப்படியென்றால் ஹவானா விலாசத்தைத்தான் கேட்கிறார்!

"ரீச்சர், ஐயாவுக்குச் சொல்லுங்கோ, நான் கியூபாக்காரன் இல்லை" என்றேன்.

ரீச்சரின் பேனா நின்றது.

நான் நிற்கவில்லை. "சத்தியமா நான் குருநகர்தான். அந்த நோட்டீஸ் நான் அடிக்கேல்லை, பெல்ஜியத்துக்காரன் அடிச்சது. அவங்களுக்கு அது பழக்கம், கோட்டோடை இருந்து ஹவானா எண்டு பதிவாங்கள். நான் காசு ஒரு சதம் வாங்கேல்லை, கேக்தான் திண்டனான். பேர்னிலை இன்னும் வாசிக்கேல்லை, வாசிக்கவும் மாட்டன். பத்து நோட்டீஸ் கிழிச்சுப்போட்டன். ஒரு மனிசிக்குக் கையெழுத்து வைச்சது பிழைதான், ஆனால் தமிழிலைதான் வைச்சனான். சட்டையைத் திருப்பிக் குடுத்திடுறன். என்ரை மனிசி நாலு வருசமா லொட்ஜிலை இருக்கிறாள் ரீச்சர், அவளைக் கூப்பிட விடச் சொல்லுங்கோ."

மூச்சு முட்டி நிறுத்தினேன். கண்ணால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலுவலர் என்னைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், காத்திருந்தார்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு பிரெஞ்சில் ஒரு சின்ன வசனம் சொன்னார். என்னுடைய அடுப்படிப் பிரெஞ்சுக்கும் அது விளங்கியது. "அதே விலாசம்தான்."

அலுவலர் புருவத்தை உயர்த்தினார். "அதைச் சொல்ல இவ்வளவு நேரமோ?"

"எங்கடை பாஷையிலை விலாசம் கொஞ்சம் நீளம்" என்றார் ரீச்சர். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

அலுவலர் தலையாட்டிக்கொண்டு மேசை லாச்சியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு அட்டை. என் முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். ரீச்சர் மொழிபெயர்த்தார். மனிதாபிமான அடிப்படையில் 'பி' பெர்மிட் தந்திருக்கிறார்கள். விலாசத்தைச் சரிபார்த்துக் கையில் கொடுக்கத்தான் கூப்பிட்டது. மனைவியைக் கூப்பிட இன்னின்ன பத்திரங்களைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும்.

நான் அட்டையைத் தொடவில்லை. தொட்டால் அவர் சிரித்துக்கொண்டு எடுத்துவிடுவார் என்று இன்னும் நினைத்தேன். ரீச்சர்தான் பேனாவை என் விரல்களுக்குள் செருகினார்.

எழும்பும்போது ரீச்சர் அலுவலரிடம் தன் பங்குக்கு ஒன்றைக் கேட்டார். இந்த அட்டை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வேறு மாநிலத்தில் போய், நடனத்துக்கு மேளம் அடிக்கலாமோ?

அலுவலர் கொஞ்சம் யோசித்தார். சுவிஸ்காரர், யோசிக்காமல் சொல்ல மாட்டார்.

"அடிக்கலாம்" என்றார். "ஆனால் பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடக் கூடாது."

வெளியே படிக்கட்டில் ரீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவர் கேட்டது விலாசம். நீர் சொன்னது பாவசங்கீர்த்தனம். அதுக்கு நான் உங்கடை பங்குச் சுவாமியோ?"

"பிழைதான் ரீச்சர்."

"கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லப் பழகும். இந்த நாட்டிலை கேள்வி எண்டால் கேள்விதான். உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

பிறகு திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழிலைதான் வைச்சனானாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, திருநீறு கலைய நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார். ரீச்சர் சிரிப்பார் என்பதை ஃப்ரிபூர்க்கில் முதலில் கண்டவன் நானாகத்தான் இருப்பேன். நானும் சிரித்தேன். வருசக்கணக்காக நெஞ்சில் கட்டிவைத்திருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது. அந்தச் சளசளத்த பனிக்குள் கோட்டைப் பூட்டாமலே நடந்தேன். குளிரவேயில்லை.

நடுக்கிழமையில் ஓர் அழைப்பு

நேரே ரயில் நிலையத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். நான் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. நாங்கள் பேசுவது ஞாயிறு காலையில் மட்டும். அந்த லொட்ஜில் இருந்தவர்களெல்லாம் ஊர்ச் செய்திக்கும் வெளிநாட்டுச் செய்திக்கும் காத்துக்கிடந்தவர்கள். அங்கே நடுக்கிழமையில் அழைப்பு வந்தால் யாரோ செத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முகாமையாளர் படியடியில் நின்று கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத கால்கள் படிகளில் தடதடவென்று இறங்கின. தொலைபேசியை எடுத்ததும் அழுகைதான்.

"ஆருக்கு? ஆருக்கு என்ன? சொல்லுங்கோ!"

"றீற்றா, நான்தான். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"உங்களுக்கு என்ன? அனுப்பப் போறாங்களோ?"

"அட்டை தந்திட்டாங்கள். நீர் வரலாம்."

கொட்டாஞ்சேனையில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதுவும் ஓய்ந்ததும் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"றீற்றா?"

"ஓம். நிக்கிறன்." மூக்கை உறிஞ்சினாள். "முதல் வார்த்தையாய் அதைச் சொல்லியிருக்கலாம்தானே. படியிலை விழப் பாத்தன்."

அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் இருந்தாள். எனக்கு ஏச்சுக் கேட்கச் சுகமாக இருந்தது. கூண்டுக் கண்ணாடியில் என் மூச்சுப் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. தொலைபேசிக் கார்டில் பிராங்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போயின. இன்றைக்கு விட்டால் இனி இதைச் சொல்ல எனக்குத் துணிவு வராது என்று நினைத்தேன்.

"ஒரு விசயம் உமக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

"என்ன?"

"ஞாயிற்றுக்கிழமையிலை உம்மோடை கதைச்ச பிறகு நான் ஒரு குழுவிலை மேளம் அடிக்கப் போறனான். டான்ஸ் குழு. சட்டை எல்லாம் போட்டு. இஞ்சத்தைச் சனம் என்னைக் கியூபாக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. நீர் அங்கை கிடந்து கஷ்டப்படேக்கை நான் இஞ்ச சந்தோசமா இருந்திட்டன். அதுதான் சொல்லேல்லை."

பிறகு அவளுடைய பழைய குரல், அழுகை முழுதாகக் காயாத குரல், வந்தது.

"சந்தோசமா இருந்தது நல்லதுதானே. எனக்கு அங்கை ஒரு முசுடு தேவையில்லை" என்றாள். "ஞாயிற்றுக்கிழமையிலை ஆராய் வேணுமெண்டாலும் இருங்கோ. ஏர்போட்டுக்கு மட்டும் நீங்களா வாங்கோ."